நிலத்தடி நெருப்பு – 11: உடைமை மாறியது, விலை மாறவில்லை

1971 அக்டோபர் 16. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த நேரம். போர் வருமா, எப்போது வரும் என்பதுதான் டெல்லியில் பேச்சு. அந்தப் பரபரப்புக்கு நடுவே குடியரசுத் தலைவர் வி.வி. கிரி ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிற்சங்கத்தில் வளர்ந்த மனிதர் அவர். அந்த ஒரு கையெழுத்தில் 214 கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களும் 12 கோக் ஆலைகளும் முதலாளிகளின் கையைவிட்டு அரசின் நிர்வாகத்துக்கு வந்தன. டாடா இரும்பு ஆலை, இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் கம்பெனி, தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் ஆகியவை தங்கள் சொந்தத் தேவைக்காக வைத்திருந்த சுரங்கங்கள் மட்டும் விலக்கப்பட்டன. இந்த விலக்கை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரின் பிற்பகுதி முழுவதும் அது நம்மோடு வரப்போகிறது.

ஏன் கோக்கிங் கரி முதலில்? காற்றுப் படாமல் சூடாக்கினால் உருகி, இறுகி, கடினமான கோக்காக மாறும் கரி அது. ஊது உலையில் இரும்புத் தாதுவின் பாரத்தைத் தாங்கி நின்று எரிவது கோக்தான். சாதாரணக் கரியைப் போட்டால் நொறுங்கித் தூளாகிவிடும். இந்தியாவில் முதல் தரக் கோக்கிங் கரி கிடைப்பது ஏறக்குறைய ஜாரியா கரி வயலில் மட்டுமே. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று அரசு உருக்காலைகள் ஏற்கெனவே எழுந்திருந்தன. சோவியத் உதவியோடு பொகாரோவும் எழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உலைகளுக்குத் தீனி போட வேண்டிய வயல், நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகளிடம் துண்டு துண்டாகக் கிடந்தது. நிரந்தர நிலவரி ஏற்பாட்டில் பூமிக்கு அடியில் இருப்பதும் ஜமீன்தாருக்கே என்று ஆகி, அவர் அதைக் கூறுபோட்டுக் குத்தகைக்கு விட்ட கதையை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். ஜமீன் ஒழிந்த பிறகும் குத்தகையின் எல்லைக் கோடுகள் அப்படியே இருந்தன.

அந்தத் துண்டு நிலத்துக்குக் கீழே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிற்காலச் சட்டங்கள் எல்லாம் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

சுரங்கத்துக்குள் கரியை ஒரேயடியாக வெட்டி எடுத்துவிட முடியாது. தலைக்கு மேலே இருக்கும் பாறையைத் தாங்க ஏதாவது வேண்டும். அதற்காகக் கரியிலேயே சதுரம் சதுரமாகத் தூண்களை விட்டு, இடையில் இருப்பதை மட்டும் வெட்டிக்கொண்டு போவார்கள். முதல் சுற்றில் கைக்கு வருவது கொஞ்சம்தான். பெரும்பங்கு தூணாகவே நின்றுவிடும். அதையும் எடுக்க வேண்டுமானால் வெட்டிய வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும். தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் கீழே இறக்குவார்கள். தண்ணீர் வடிந்து, பம்பு அதை மறுபடி மேலே ஏற்றும். மணல் படிந்து, இறுகி, கூரையைத் தாங்கும். அதன் பிறகு தூணில் கை வைக்கலாம். மணல், குழாய், பம்பு, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் என்று இதற்குச் செலவு பிடிக்கும்.

மணல் போடாமலும் தூணை எடுக்க முடியும். ஓரம் ஓரமாகச் சுரண்டி, கூரை முனகத் தொடங்கியதும் ஆட்களை வெளியே இழுத்துவிட்டு, அந்தப் பகுதியைக் கைவிட்டுவிடலாம். பாறை இடிந்து விழும்போது மேலே நிலம் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று உள்ளே போகும். மிச்சம் கிடக்கும் கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறி ஒரு நாள் பற்றிக்கொள்ளும். ஜாரியாவின் முதல் தீ 1916-லேயே பதிவாகிவிட்டது. நாட்டுடைமைக் காலத்தில் அரசு எண்ணிப் பார்த்தபோது சுமார் 70 தீக்கள் எரிந்துகொண்டிருந்தன. அவ்வளவும் உருக்காலைக்குப் போயிருக்க வேண்டிய முதல் தரக் கரி.

முதலாளிகளின் பேராசை என்று இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். பேராசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேராசைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது அரசின் விலைக் கொள்கை என்பதே என் கருத்து. 1936 டிசம்பரில் ராணிகஞ்ச் வயலின் பொய்டி சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 209 பேர் இறந்தார்கள். பர்ரோஸ் குழுவின் ஆய்வுக்குப் பிறகு, 1939-ல் மணல் நிரப்புவதற்கான சட்டம் வந்தது. வெளியே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் தீர்வை வசூலித்து, மணல் போடுகிற சுரங்கத்துக்கு உதவி கொடுப்பது ஏற்பாடு. நல்ல சட்டம்தான். ஆனால் 1944-ல், போர்க்காலத்தில், அரசு கரியின் விலையையே தன் கையில் எடுத்துக்கொண்டது. தரத்துக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயமாகிவிட்டது. ஆழத்தில் கஷ்டப்பட்டு மணல் போட்டு எடுத்த டன்னும், மேலாகச் சுரண்டி எடுத்த டன்னும் ஒரே தரமாக இருந்தால் ஒரே விலைதான். ஒழுங்காகச் சுரங்கம் நடத்தியவன் தோற்றான்.

போர் முடிந்தது. வெள்ளையர் போனார்கள். விலைக் கட்டுப்பாடு மட்டும் 1967 வரை போகவே இல்லை. ரயில்வேதான் மிகப் பெரிய வாடிக்கையாளர், அது அரசுடையது. அடுத்து மின்வாரியங்கள், உருக்காலைகள். அவையும் பெரும்பாலும் அரசுடையவை. விலை நிர்ணயிப்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு. அப்படி இருக்கையில் கரி மலிவாக இருக்க வேண்டும் என்ற முடிவு தானாகவே வந்து சேர்ந்துவிடும். மலிவு என்பதற்கான விலையைக் கீழே இருந்தவன் கொடுத்தான். 1958-ல் சினாகுரி சுரங்க விபத்து. 1965 மே மாதம் தோரி சுரங்கம், ஒரே வெடிப்பில் 268 பேர்.

1967-ல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, விலையைச் சந்தையிடம் விட்டார்கள். கூடவே, மத்திய ஊதிய வாரியம் சொன்ன புதிய கூலி ஆகஸ்ட் 15 முதல் அமலுக்கு வர வேண்டும் என்றார்கள். ஏராளமான சுரங்கங்கள் அந்தக் கூலியைக் கொடுக்கவில்லை. வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக்கூடக் கட்டாமல் வைத்திருந்த சுரங்கங்கள் பல. மால்கட்டாக்கள் என்று அழைக்கப்பட்ட கரிவெட்டிகள் வெட்டி நிரப்பிய டப்பாவின் கணக்குக்குக் கூலி வாங்கினார்கள். கணக்கை எழுதியவன் முதலாளியின் முன்ஷி. தவ்ரா எனப்பட்ட இருட்டான குடியிருப்பு வரிசையில் ஓர் அறையில் ஒரு குடும்பம். வாசலில் வட்டிக்காரன். கூலி நாளன்று அவனோடு ஒரு பயில்வானும் வருவான். நாட்டுடைமை என்ற கோரிக்கை டெல்லியின் தாளில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை மனத்தால் நடந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு தமிழர், மோகன் குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் வாரிசு. தந்தை டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். மகன் ஈட்டனில் படித்தார், கேம்பிரிட்ஜில் படித்தார், கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார், சென்னைச் சதி வழக்கில் சிறைக்குப் போனார். பிறகு சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல். 1971 தேர்தலில் புதுச்சேரி தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் ஆனார். ஜமீன்தார்கள் கூறுபோட்டுக் கொடுத்த கரி வயலை ஒன்றாகச் சேர்க்கும் வேலை ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்தது. சட்டம் தெரிந்தவர் என்பதால் எந்த இடத்தில் நீதிமன்றம் குறுக்கே வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1970 பிப்ரவரியில் வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. இழப்பீட்டைக் கணக்கிட்ட முறை சரியில்லை என்பது முக்கியமான காரணம். கரிக்கும் அதே கதி வரக் கூடாது. அதற்காகத்தான் அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தம். அரசு கொடுக்கும் தொகை போதுமா போதாதா என்று இனி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கோக்கிங் சுரங்கங்களை 1972 மே 1 முதல் நாட்டுடைமை ஆக்கிய சட்டத்தின் பின்னிணைப்பில், சுரங்கத்தின் பெயருக்கு எதிரே அதற்கான தொகை ரூபாய்க் கணக்கில் அச்சாகியிருந்தது. பேரத்துக்கு இடமே இல்லை. அந்தச் சுரங்கங்களை நடத்த பாரத் கோக்கிங் கோல் லிமிடெட் உருவானது.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. கேசவானந்த பாரதி வழக்கு என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது கேரளத்து மடாதிபதியும் அவர் மடத்து நிலமும்தான். அந்த வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மனுக்களில் நிலக்கரிக் கம்பெனிகளின் மனுக்களும் இருந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு பிறந்த நீதிமன்ற அறையில், ஜாரியாவின் கரியும் ஒரு கட்சிக்காரராக உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையே மீதமுள்ள சுரங்கங்களின் முறை வந்தது. கோக்கிங் கரி போனதும், அடுத்தது நாம்தான் என்று மற்ற முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. போகப்போகிற சொத்தில் யார் பணம் போடுவார்கள்? 1973 ஜனவரி 31-ல் அவற்றின் நிர்வாகத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. இந்த முறை எண்ணிக்கை 711. இதன் பிறகு சம்பவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த வேகத்தைத் தேதிகளே சொல்லட்டும். ஏப்ரல் 24: கேசவானந்த பாரதி தீர்ப்பு. தொகை பற்றிய 25-ஆவது திருத்தத்தின் முக்கியமான பகுதி தப்பியது. மறுநாள்: மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மக்களவையில் அதை நியாயப்படுத்திப் பேசியவர் இதே குமாரமங்கலம். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கரியில் சரியாக இருந்த மனிதர், நீதிபதிகள் விஷயத்தில் தவறான பக்கம் நின்றார். மே 1: சுரங்கங்கள் நாட்டுடைமை. மே 30: அதற்கான சட்டம் ஒப்புதல் பெற்றது. மே 31 இரவு: சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், மோசமான வானிலையில் பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது விழுந்து எரிந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். குமாரமங்கலமும், கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி. கே. பாலதண்டாயுதமும் அவர்களில் இருவர்.

நாட்டுடைமை ஏன் தேவைப்பட்டது, இனி என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதிய புத்தகமும் அதே 1973-ல் வெளிவந்தது. செய்ய வேண்டியதைச் செய்து காட்ட அவர் இல்லை.

சுரங்கத்தின் வாசலில் அந்த மாற்றம் எப்படி நடந்தது? அரசு அதிகாரி போய்ச் சேர்ந்த பல இடங்களில் ஒழுங்கான கணக்குப் புத்தகம் இல்லை, நல்ல யந்திரம் இல்லை, உள்ளே எங்கே வெட்டினார்கள் என்று காட்டும் வரைபடம் இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர்கள் கூடியிருந்தன. அரசு வேலை வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்ஷிகளும் பயில்வான்களும் தங்கள் ஆட்களை எழுதிக்கொண்டார்கள். அதில் அடிபட்டவர்கள் பலர் தலைமுறையாகக் கரி சுமந்த சந்தால் பழங்குடி, பவுரி சாதி மக்கள், குறிப்பாகப் பெண்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவளுக்கு எந்த நாட்டுடைமையும் இல்லை. மிஞ்சிய பெண்களிடமும் பிற்காலத்தில், நீங்கள் விலகிக்கொண்டால் உங்கள் வீட்டு ஆணுக்கு வேலை தருகிறோம் என்று நிர்வாகம் பேசியது. இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பக்கம்தான்.

பெயர் இருந்தவர்களுக்கோ வாழ்க்கை மாறியது. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். 1975 ஜனவரி முதல் தேதியிலிருந்து முதல் தேசிய நிலக்கரிக் கூலி ஒப்பந்தம். மாதச் சம்பளம், மருத்துவமனை, குடியிருப்பு, வாரிசு வேலை. 1975 நவம்பர் 1-ல் எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்து கோல் இந்தியா பிறந்தது. நவம்பர் 1 குமாரமங்கலத்தின் பிறந்த நாளும்கூட.

சரி, விலை?

விலை மறுபடி அரசின் கைக்கே போனது. 1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டு எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. அறுபதுகளில் மலிவு எண்ணெயை நம்பி ரயில்வே டீசலுக்கு மாறத் தொடங்கியிருந்தது, ஆலைகள் உலை எண்ணெய்க்கு மாறின. இப்போது எல்லோரும் கரியின் பக்கம் திரும்பி ஓடிவந்தார்கள். கரி வேண்டும், நிறைய வேண்டும், மலிவாகவும் வேண்டும். இடையிடையே விலையை உயர்த்தினார்கள். உயர்த்தியதைக் கூலியும் வெடிமருந்தும் மரமும் சாப்பிட்டுவிட்டன. மின்வாரியங்களின் பாக்கியும் ஏறியது. ஆழச் சுரங்கங்கள் நிரந்தர நஷ்டத்தில் விழுந்தன. கோல் இந்தியா பெரும்பாலான ஆண்டுகளில் நஷ்டக் கணக்கையே காட்டியது. 1967-க்கு முன்பு தனியார் முதலாளியை நெருக்கிய அதே விலை, இப்போது அரசு நிறுவனத்தை நெருக்கியது. முதலாளி மணலை மிச்சம் பிடித்தான். அரசு நிறுவனம் வேறு வழியைப் பிடித்தது.

அந்த வழிக்குப் பெயர் திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை வாரி எறிந்துவிட்டுக் கரியை நேராக அள்ளுவது. ஆள் குறைவு, செலவு குறைவு, வேகம் அதிகம். எழுபதுகளின் நடுவில் நாட்டின் கரியில் நாலில் ஒரு பங்குதான் இப்படி வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குள் பாதியைத் தாண்டிப் போய்விட்டது. இன்று கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். 1975-ல் தேசிய அனல் மின் கழகம் தொடங்கி, சுரங்க வாசலிலேயே மின் நிலையம் என்று சிங்ரௌலியில் பெரிய அளவில் வேலை நடந்தது. ரிஹந்த் அணைக்காக ஏற்கெனவே வீட்டை இழந்தவர்களில் பலர் அங்கே இரண்டாவது முறையும் எழுந்து போக வேண்டியிருந்தது. மேலாக இருக்கும் கரியில் சாம்பல் அதிகம், நூற்றுக்கு நாற்பது வரைகூடப் போகும். அந்தச் சாம்பலையும் சேர்த்துத்தான் ரயில் நாடு முழுக்கச் சுமந்தது.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் செய்தி அல்ல. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. எண்ணூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்கள் எரிக்க வேண்டிய கருநிலக்கரி வடக்கே இருந்துதான் வர வேண்டியிருந்தது. ரயிலில் துறைமுகம், அங்கிருந்து கப்பல். இதற்கென்றே 1974-ல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. சுரங்க வாயிலில் விலை எவ்வளவு மலிவானாலும், சாம்பலுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்து இறக்கிய மாநிலம் இது.

கைவிடப்பட்ட பழைய குழிகளும் தங்கள் கணக்கைத் தீர்க்க வந்தன. 1975 டிசம்பர் 27, தன்பாத் அருகே சாஸ்நாலா. விலக்கு பெற்ற இரண்டு உருக்குக் கம்பெனிகளில் ஒன்றான இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீலின் சுரங்கம் அது. அந்தக் கம்பெனியின் நிர்வாகமே 1972-ல் அரசிடம் வந்துவிட்டிருந்தது. மேலே கைவிடப்பட்ட குழியில் பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த தண்ணீர், இடையில் இருந்த கரிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. உள்ளே இருந்த 375 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கோல் இந்தியா பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த ஏப்ரலில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, நாடாளுமன்றம் நாட்டுடைமைச் சட்டத்தைத் திருத்தியது. அரசும் அரசு நிறுவனங்களும் தவிர வேறு யாரும் கரி தோண்டக் கூடாது என்று அழுத்தமாகச் சொன்ன திருத்தம் அது. பழைய தனியார் குத்தகைகள் எல்லாம் முடிவுக்கு வந்தன. கூடவே இரண்டு விதிவிலக்குகள். இரும்பு, உருக்கு உற்பத்தி செய்யும் தனியார் கம்பெனி தன் தேவைக்குத் தோண்டிக்கொள்ளலாம். ரயிலில் ஏற்றத் தேவைப்படாத, தனித்துக் கிடக்கும் சிறு துண்டுகளைத் துணைக் குத்தகைக்கு விடலாம். 1971-ல் டாடா சுரங்கங்களுக்குக் கிடைத்த விலக்கு இப்போது ஒரு பொது விதியாகிவிட்டது. அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1991-ல் அந்நியச் செலாவணி வறண்டது. பொதுத்துறைக்கு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து போன பணம் சுருங்கியது. இருபது ஆண்டுகள் அடக்கிவைத்த விலையால் கோல் இந்தியாவிடம் புதிய சுரங்கம் தோண்டச் சொந்தப் பணம் இல்லை. மின் நிலையங்களோ காத்திருக்க முடியாது. விலையைத் தொடுவதைவிடச் சட்டத்தைத் தொடுவது அரசுக்கு எளிதாக இருந்தது. 1992 ஜூலையில் தனியாருக்குக் கரித் தொகுதிகளைப் பரிந்துரைக்க ஒரு தேர்வுக் குழு அமைந்தது. 1993 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டு, உருக்கு என்ற விதிவிலக்குக்குப் பக்கத்தில் மின்சாரமும் வந்து அமர்ந்தது. 1996-ல் சிமென்ட். ஏலம் கிடையாது, விண்ணப்பமும் பரிந்துரையும்தான். 1993 முதல் இப்படிக் கைமாறிய 218 தொகுதிகளில் 204-ஐ 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த இருபத்தோரு ஆண்டுகளில் யார் விண்ணப்பித்தார்கள், யார் தோண்டினார்கள், யார் தோண்டாமலே வைத்திருந்தார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.